ஒளித்துத் தூக்கிய பிள்ளை

மதினி,

நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டில் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி தெருவைத் தாண்டி நம் வீட்டு ஜன்னல் வழியே வந்து தொண்டையைப் பிடித்தது. அந்த வீட்டு மருமகள் பிள்ளை பெற்று வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மத்தியானத்திலிருந்தே குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. இருந்திருந்து நிறுத்தும், பிறகு மூச்சை அடக்கி ஒரே கத்தல். எனக்குத் தெரியாத அழுகையா அது? வயிற்றில் காற்று நின்று குடைகிற அழுகை. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "எவ கண்ணு பட்டுச்சோ தெரியல, இப்பத்தான் சுத்திப் போட்டேன்" என்றார்.

"கண்ணாவது மண்ணாவது! புள்ளையத் தோள்ல போட்டு முதுகத் தட்டிக் குடுங்கம்மா மொதல்ல" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவரிடம் எனக்கு ஒரு பகையும் கிடையாது. திரும்பி வந்து முகம் கழுவியும் ஆறவில்லை. இன்று காலை சோறு வடிக்கும்போதும் ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்துப்போனவர்களுக்கு எல்லாரும் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு வருவது கோபம்தான். அதைத்தான் எழுதப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. அம்மா எனக்குக் கல்யாணமாவதற்கு முன்னாலேயே போய்விட்டாள். அதனால் என்னைக் கட்டிய உங்கள் தம்பி வீட்டில், இதே காரைக்குடி வீட்டில், உங்கள் அம்மா பொறுப்பில்தான் எல்லாம். ஒத்தாசைக்கு என்று நீங்கள் சிங்கம்புணரியிலிருந்து வந்தீர்கள். பையை இறக்கி வைக்கும் முன்பே என் வயிற்றில் கை வைத்து, "என்னடா, அத்தை வந்துட்டேன்" என்றீர்கள். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே ஒரு கனைப்புக் கனைத்தார். அந்தக் கனைப்பின் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை.

கதிர் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று, பால் கொடுப்பது எப்படி என்று ஒரு நர்ஸ் வந்து நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். உங்கள் தம்பி வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா துணிகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ தையல் போட்ட வலியில் காது அடைத்துக் கிடந்தது. நீங்கள் ஒருத்தர்தான் கூடையைக் கையில் பிடித்தபடி, கண்ணை எடுக்காமல் கேட்டீர்கள். நடுநடுவே சந்தேகம் வேறு கேட்டீர்கள். உங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மழைக்கு ஒதுங்குகிறவர் மாதிரி எப்போதாவது வருவார், துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவார். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளை இல்லை என்ற பேர் மட்டும் உங்களுக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் கதிர் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துவான். வயிறு மத்தளம் போல இறுகியிருக்கும். உங்கள் அம்மா ஓடி வருவார். முதலில் என்னிடம்தான் விசாரணை.

"என்னத்தடி தின்ன?"

"நீங்க குடுத்த பூண்டுக் கொழம்புதான் அத்தே."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் திங்கல."

"தண்ணி குடிச்சியா?"

குடித்தேன் என்றால் போச்சு. தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப் போகுமாம், நீர்த்த பால் பிள்ளை வயிற்றில் காற்றாகுமாம். பருப்பு கூடாது, கிழங்கு கூடாது, காய் கூடாது. பால் கொடுத்து முடித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குடிக்க ஒரு வாய்த் தண்ணீருக்கு நான் திருடி மாதிரி குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. நீங்கள்தான் துவைத்த துணிக்கடியில் சொம்பை மறைத்துக் கொண்டுவந்து தருவீர்கள். "மடக் மடக்குனு குடிச்சிரு தாயி" என்று கதவோரம் காவல் நிற்பீர்கள். உரை மருந்து, ஓமத்தண்ணி, தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம், விளக்கெண்ணெய் தடவி வாட்டிய வெற்றிலை, எல்லாம் நடந்தது. அழுகை நிற்கவில்லை.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன் அழும்போது எல்லாரும் பார்த்தோம். குடிக்கும்போது நீங்கள் பார்த்தீர்கள். ஒரு நாள் உங்கள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கிராத. உனக்குப் பால் சீறிக்கிட்டு வருது. அவனால மூச்சு வாங்க முடியல. களுக் களுக்குனு சத்தம் கேக்குது பாரு, பாலோட சேத்துக் காத்தையும் முழுங்குறான். அன்னிக்கு அந்த நர்ஸ் புள்ள சொன்னாள்ல, காம்ப மட்டும் வாயில வச்சா ஆகாது, கருவட்டமும் சேந்து போகணும்னு? நீ நல்லாச் சாஞ்சு உக்காரு. அவன மேல ஏத்திப் படுக்கப் போடு. பாதியில எடுத்து ஏப்பம் விட வச்சு, மறுபடி குடு."

சாய்ந்தேன். நீங்கள் தலையணையை முட்டுக் கொடுத்தீர்கள். களுக் சத்தம் குறைந்தது. பாதியில் அவனை வாங்கித் தோளில் சாய்த்து முதுகில் தட்டினீர்கள். பெரிய ஆள் மாதிரி ஒரு ஏப்பம் விட்டான். நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதன் பிறகு அவனை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு, தலை முழங்கை மடிப்பில், காலிரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்க, கூடத்தில் நடந்தீர்கள். மல்லாத்திப் போட்டு இரண்டு காலையும் பிடித்து மாற்றி மாற்றி வயிற்றோடு மடக்கி நீட்டினீர்கள். "சைக்கிள் ஓட்டுடா ராசா, நல்லா மிதி. இப்படியே நேரா சிவகங்கை போவோம். கோர்ட்டுல ஒங்க அப்பத்தா மேல கேசு போடுவோம். எங்க அம்மாவுக்குத் தண்ணி தர மாட்டேங்குறாக எசமான்னு சொல்லு." டர்ரென்று அவன் காற்று விட்டதும், "பாத்தியா, சாட்சி சொல்லிட்டான்" என்றீர்கள். வயிறு குலுங்கச் சிரித்து என் தையல் வலித்தது. உங்கள் கோபத்தை எல்லாம் பேச்சு வராத ஒரு பிள்ளையிடம் மட்டும்தான் சொன்னீர்கள், மதினி. பேச்சு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் அழுதான்தான், ஆனால் பழைய அழுகை இல்லை. உங்கள் கைக்குப் போனால் அடங்கினான். அது எனக்குச் சந்தோஷம். உங்கள் அம்மாவுக்கு வேறு கணக்கு ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை, மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். "நெடியே அடிக்கல. கண்ணுதான். நான் சொன்னா யாருக்கும் பொல்லாப்பா இருக்கும். பெறாத வயிறு, அதுக்கு ஏக்கம் இருக்கும்ல. அது நல்ல மனசாவே இருந்தாலும் ஏக்கப் பார்வை போயிப் புள்ள வயித்துல நின்னுக்கிரும். ஆத்தா, நீ அவனத் தூக்காத. நான் பெத்தவ, எனக்கு மட்டும் இதச் சொல்ல ஆசையா?"

பெற்ற தாய்! பெற்ற மகளைப் பார்த்து!

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன பேச்சு அத்தே பேசுறீக? புள்ளைக்குக் காத்து அடைச்சா அதுக்கு மதினி கண்ணு என்ன பண்ணும்? ஒங்க மாப்பிள்ள சிங்கப்பூர்ல இருந்தா புள்ள வானத்துலருந்தா விழும்?" என்று கேட்டேன். உங்கள் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். உங்கள் தம்பி கடையிலிருந்து வந்ததும், "பச்சை உடம்புக்காரி, கத்தாத. அம்மா பழைய ஆளு, விட்டுரு" என்றார். விட்டுரு! இந்த வீட்டில் எல்லா அநியாயத்துக்கும் அந்த ஒரு சொல்தான் மருந்து. நீங்களோ தரையைப் பார்த்து நின்றுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, சும்மா இரு பிள்ள" என்று என்னைத்தான் அடக்கினீர்கள்.

அதற்கப்புறம் நாம் ஒளித்துத்தான் செய்தோம். உங்கள் அம்மா சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பி, கேட் கொக்கியை மாட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். நீங்கள் அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவீர்கள். அவன் வயிறு அடங்கும்வரை நெஞ்சில் சாய்த்து நடப்பீர்கள். கேட் சத்தம் திரும்பக் கேட்டால் அவனை என் மடியில் போட்டுவிட்டு ஓடுவீர்கள். சொந்தத் தம்பி பிள்ளையை, சொந்த அத்தை, களவாணி மாதிரி. ஒரு போட்டோ உண்டா? எடுக்க விட்டீர்களா? "வேணாம், அம்மா பாத்துரும்."

பேர் வைக்கிற நாள் வந்தது. நம் பக்கத்தில் பிள்ளையைத் தொட்டிலில் இட்டு, காதில் பேரைச் சொல்லுகிறவள் அத்தை. அது யாரும் தருகிற மரியாதை இல்லை. கூடப்பிறந்தவளுக்குப் பிறப்பிலேயே உள்ள பாத்தியதை. உங்கள் அம்மா என்ன செய்தார்? இளையாத்தங்குடியிலிருந்து உங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சியை வரவழைத்தார். அவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள். அவளுக்குப் பட்டுச்சேலை. உங்களுக்கு அடுப்பங்கரை.

அந்தப் பெண் தூக்கியதும் கதிர் ஆரம்பித்தான். கூடம் நிறையச் சனம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, இன்னொரு கையிலிருந்து வேறொரு கைக்கு. ஒருத்தி ஓமத்தண்ணி என்றாள், ஒருத்தி நாட்டு மருந்துக் கடையில் கேட்கச் சொன்னாள், ஒருத்தி என்னைப் பார்த்து, "இவ என்னத்தத் தின்னாளோ" என்றாள். பிள்ளை முகம் நீலம் பாரித்தது. நான் எழுந்தேன். அவனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நடந்து, அடுப்பங்கரை நிலைப்படிக்கு வந்தேன். நீங்கள் வடை மாவுக் கையோடு நின்றீர்கள்.

"பிடிங்க மதினி."

நீங்கள் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள்.

"வேணாம் தாயி. இன்னிக்கு வேணாம். ஏதாச்சும் ஒண்ணுன்னா எம்பேர்லதான் விழும்."

"விழட்டும். நான் இருக்கேன்ல? பிடிங்க."

"சொன்னாக் கேளு, அங்குட்டுக் கொண்டு போ." உங்கள் கண் அவன்மேல் படாமல் சுவரைப் பார்த்தது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நீங்கள் சொல்லித்தந்த மாதிரி முன்கையில் குப்புறப் போட்டு ஆட்டினேன். அடங்கச் சித்த நேரமாயிற்று. என்றைக்கு நினைத்தாலும் அந்தப் பின்னால் போன கைதான் எனக்கு முதலில் தெரிகிறது. உங்கள் அம்மாவின் வாயைவிட உங்கள் கைமேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். நீங்கள் மட்டும் அன்று வாங்கியிருந்தால், அவன் உங்கள் தோளில் அடங்கியிருப்பான், அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள், கதை அன்றோடு முடிந்திருக்கும்.

மறுநாளே உங்கள் மாமியாருக்குக் காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிச் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினீர்கள். நான் நீங்கள் காட்டிய மாதிரியே சாய்ந்து உட்கார்ந்து கொடுத்தேன், பாதியில் ஏப்பம் விடவைத்தேன், காலை மடக்கினேன். அவனும் வளர்ந்தான். மூன்று மாதம் தாண்டினால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அந்தக் குடைச்சல் தானாகக் குறைந்துவிடும். டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். கதிருக்கும் குறைந்தது. உங்கள் அம்மா தெருவெல்லாம் சொன்னார்: "பாத்தீகளா? அவ அங்குட்டுப் போனா, புள்ள வயிறு இங்குட்டு சரியாப்போச்சு."

இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை, மதினி. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது நிஜம் மாதிரியே இருந்தது. எத்தனை பேரிடம் சண்டை போட்டேன் தெரியுமா? கடைசியில் உங்களுக்கே போன் போட்டு அழுதேன். நீங்களோ, "ஒருவேள அம்மா சொல்றது சரியா இருந்துட்டா, பிள்ள?" என்றீர்கள்.

அடப்பாவி மனுஷி! அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உங்கள் அம்மா சொன்னது மூடத்தனம். சனங்கள் சொன்னது வம்பு. நீங்கள் எப்படி நம்பலாம்? அவன் ஏப்பம் உங்கள் தோளில் விட்டது உங்களுக்குத் தெரியாதா? நான் போனில் கத்தினேன். நீங்கள் அமைதியாக ஒரு சத்தியம் கேட்டீர்கள். "நான் தூக்குனது அவனுக்குத் தெரிய வேணாம். வளந்தப்பறம் ஒரு காய்ச்சல் தலவலின்னாலும் அவனுக்கே சந்தேகம் வந்துரும். எம்மேல சத்தியம் பண்ணு." பண்ணித் தொலைத்தேன்.

பிறகு வந்ததெல்லாம் வருகையா? பொங்கலுக்கு வருவீர்கள், வாசல் பக்கமே உட்கார்ந்து சாயங்காலமே கிளம்பிவிடுவீர்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எழுந்து வேறு பக்கம் போவீர்கள். சட்டை வாங்கி வந்து என் கையில் கொடுப்பீர்கள், அவன் கையில் கொடுக்க மாட்டீர்கள். "அத்தே" என்று ஓடி வருவான்; நீங்கள் பைக்குள் எதையோ தேடுவீர்கள். பிள்ளை கொஞ்ச நாள் ஓடி வந்தான். அப்புறம் நிறுத்திக்கொண்டான்.

போன தையில் மஞ்சள் காமாலை. அதையும் யாரிடமும் சொல்லாமல் முற்றவிட்டீர்கள். மதுரைக்குக் கொண்டுபோகையில் கண்ணெல்லாம் மஞ்சள். சிங்கப்பூர்க்காரர் வந்து சேரும்வரை உங்களைச் சிங்கம்புணரி வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். உங்கள் அம்மா பெட்டியின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார்.

"நான் கோயிலுக்குப் போகையில, எம்பேரன அள்ளி எடுத்தவளே... வயித்துவலி தீருமட்டும் நெஞ்சோட அணைச்சவளே... கேட்டுச் சத்தம் கேக்கையில கீழ எறக்கி விட்டவளே... ஒளிச்சுத் தூக்குனியே, எம்மகளே, ஒளிச்சுத் தூக்குனியே..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியும்! அத்தனை நாளும் தெரியும். உங்கள் கையில் அவன் அடங்கியது தெரியும். தெரிந்துகொண்டேதான், அவ போனா வயிறு சரியாப்போச்சு என்று ஊர் முழுக்கச் சொன்னார். "தெரிஞ்சுமா அத்தே? தெரிஞ்சுக்கிட்டா சொன்னீக?" என்று பாய்ந்தேன். பெண்கள் என்னை இழுத்து உட்காரவைத்தார்கள். துக்கத்தில் கத்துகிறேன் என்று நினைத்து எனக்குச் சோடா கொடுத்தார்கள். உங்கள் அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நீங்கள் தூக்கட்டும் என்றுதான் தினமும் கோயிலுக்குக் கிளம்பினாரோ என்று பின்னால் யோசித்தேன். இருக்கலாம். அப்படியானால் எனக்கு இன்னும் கோபம். ஒளித்துத் தூக்க இடம் கொடுத்தவர், ஊரறிய ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

எல்லாம் முடிந்து காரைக்குடிக்குத் திரும்பிய மறுநாள் காலை, கதிர் என்னிடம் வந்து நின்றான். மீசை அரும்பப் போகிற வயசு. உங்கள் சாவுக்கு அவன் ஒரு சொட்டு அழவில்லை.

"ஏம்மா அப்பத்தா அப்படிப் பொய் சொல்லி அழுகுறாக?"

"என்ன பொய்?"

"அத்தை என்னையத் தூக்குனாகன்னு. அத்தைக்கு என்னையப் பிடிக்கவே பிடிக்காதேம்மா. ஒரு தடவகூட என் மூஞ்சிய நேராப் பாத்ததில்ல. நான் என்ன பண்ணுனேன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்."

கேட்டீர்களா மதினி? உங்கள் பார்வை அவனைத் தொடாமல் வருஷக்கணக்கில் காப்பாற்றினீர்களே, அது அவனுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவனிடம் ஏதோ குறை என்று அவன் தன்னையே தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

உட்காரவைத்துச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். சொம்புத் தண்ணீர், ஏப்பம், கூடத்தில் நடந்த நடை, பின்னால் போன கை, போனில் கேட்ட சத்தியம், எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உங்களுக்காக முதல் தடவையாக அழுதான். அதுவரை உங்கள் வீட்டில் நான் பார்த்த அழுகையெல்லாம் அழுகையே இல்லை.

உங்கள் மேல் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். கொஞ்சமும் வருத்தமில்லை. உங்களுக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். என்னிடம் கேட்காதீர்கள், அவன் இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். வந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்து, அவனிடம் கேளுங்கள்.